அந்தியேட்டிக்கு முன் நின்றுபோகும் நடை

திருகோணமலையில் ஒரு தெருவில் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டால், அந்தக் கிழமையே உட்துறைமுக வீதியில் புதுச் சப்பாத்துகள் தெரியத் தொடங்கும். செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்கள், கூடப் படித்தவர்கள், ஒரே கந்தோரில் வேலை செய்தவர்கள் என்று விடிய ஐந்தரைக்கே வந்து கைவீசி நடப்பார்கள். எட்டுச் செலவு முடிய ஆட்கள் குறைவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரும்போது, முன்பிருந்தே வழமையாக வருகிற முகங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

இதைச் சோம்பல் என்று சொல்லித் தள்ளிவிடுவது சரியில்லை. பயம் என்பது அவ்வளவு நாள்தான் தாங்கும். 160/100 பிரஷரோடு இருப்பவருக்கும் விடிய எழும்பும்போது உடம்பில் ஒரு நோவும் தெரியாது. நித்திரையை விட்டு எழும்புவதோ இன்றைக்கே, இப்போதே கஷ்டம். கிடைக்கப்போகும் பலன் பத்து வருடத்துக்கு அப்பால் இருக்கிறது. அதுவும் எப்படிப்பட்ட பலன்? வரவேண்டிய மாரடைப்பு ஒன்று வராமல் போவது. வராமல் போனதைக் கண்ணால் கண்டு சந்தோஷப்பட யாராலும் முடியாது. இதற்கு மேல், பயம் தருகிற நினைவை மனம் தானாகவே ஒதுக்கி வைக்கும். நடப்பது செத்தவரை ஞாபகப்படுத்துகிறதென்றால், நடையையும் சேர்த்தே ஒதுக்கிவிடும்.

ஆறு, ஏழு வருடமாக ஒரு நாளும் விடாமல் டச்பே கடற்கரைக்கு வருகிறவர்களிடம் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இதயம் என்ற சொல் அநேகமாக வாயில் வராது. 'நடக்காட்டி அண்டைக்கு முழுக்க ஒரு மாதிரிக் கிடக்கும்', 'அவர் அங்க பார்த்துக்கொண்டு நிப்பார்', 'இரவில நல்லா நித்திரை வருது' என்றுதான் சொல்வார்கள். பலன் அன்றைக்கே கைக்கு வருகிறது, அதனால் அடுத்த நாளும் வருகிறார்கள். இதயத்தைக் காப்பாற்றுகிற நடை நிலைத்து நிற்க, வேறு ஏதாவது ஒன்று அதைத் தினமும் இழுத்துக்கொண்டு வரவேண்டும். அந்த ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது, கையில் இருந்து நழுவாமல் எப்படிப் பிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நோய் வந்தபிறகு தானாக உறைக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. மாரடைப்புக்குப் பிறகு முறையாகத் தேகப்பயிற்சி செய்தவர்களிடம் இதயநோயால் வரும் மரணம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று உலகளாவிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. மாத்திரை, ஸ்டென்ட் (ஒடுங்கிய இதயக் குழாயை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பிவலை) எல்லாவற்றுக்கும் மேலதிகமாகக் கிடைக்கும் நன்மை இது. அப்படியிருந்தும் ஸ்டென்ட் வைத்தவர்களில் பலர் ஆறு மாதத்துக்குள் நடையை விட்டுவிடுகிறார்கள். நெஞ்சுவலி போய்விட்டது, பயமும் அதோடு போய்விட்டது.

இதயத்துக்கும் உடலசைவுக்கும் உள்ள தொடர்பை முதன்முதலாகத் தெளிவாகக் காட்டியவர் ஜெரி மொரிஸ் என்ற பிரித்தானிய டாக்டர். 1953இல் லண்டன் பஸ்களை வைத்து அவர் வெளியிட்ட ஆய்வு அது. அங்கே இரட்டைத்தட்டு பஸ்களில் சாரதி நாள் முழுக்க இருக்கையில் இருப்பார், கொண்டக்டர் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பஸ், ஆனால் கொண்டக்டர்களுக்கு இதயநோய் கணிசமாகக் குறைவு. அந்தக் கொண்டக்டர்களில் எவரும் இதயத்துக்காகப் படி ஏறவில்லை, டிக்கெட் கொடுக்கத்தான் ஏறினார்கள். நம்முடைய ஊரிலும் முந்தி அப்படித்தான். திருக்கடலூரில் கரைவலை இழுத்தவர்கள், கிணற்றில் துலா மிதித்தவர்கள், சந்தைக்குச் சைக்கிள் உழக்கினவர்கள் யாரும் 'எக்ஸர்சைஸ்' என்று ஒன்று செய்ததில்லை. வேலைக்குள் அது ஒளிந்திருந்தது. கிணற்றுக்கு மோட்டார் வந்தது, வீட்டுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் வந்தது, இதயத்துக்கு இருந்த வேலை மட்டும் ஓசையில்லாமல் போய்விட்டது. நல்ல வசதிகள்தான், திரும்பக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது. ஆனால் போன வேலையை வேறொரு இடத்தில் வைத்தே ஆகவேண்டும். வைக்கும்போதும் முந்தியைப்போல, இன்னொரு காரியத்தோடு பிணைத்து வைத்தால்தான் அது நிற்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் விடுவதற்கு முதற்காரணம் வேகம். பயத்தில் வந்தவர் வேகமாகத்தான் நடப்பார். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே நடந்தால் மூச்சு ஆழமாகும், உடம்பு சூடாகும், ஆனால் இதமாகவே இருக்கும். எல்லையைத் தாண்டினால் மூச்சு வாங்கும், கால் பாரமாகும், எப்போது முடியும் என்று மனம் கேட்கத் தொடங்கும். நடக்கும்போது இருந்த அந்த உணர்வைத்தான் மூளை பதிந்து வைக்கிறது. அடுத்த நாள் அலாரம் அடிக்கும்போது அதே பதிவுதான் படுக்கையை விட்டு எழும்பவிடாமல் பிடிக்கும். பல வருடம் அசையாமல் இருந்தவருக்கு இந்த எல்லை மிகவும் தாழ்வானது. பக்கத்தில் போகிறவருக்குச் சாதாரண நடை, இவருக்கு மலை ஏற்றம்.

எல்லையைக் கண்டுபிடிக்க மெஷின் தேவையில்லை, கதைத்துப் பார்த்தால் போதும். நடந்துகொண்டே ஒரு முழு வசனத்தை இடையில் மூச்செடுக்காமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். பாட்டுப் பாடவே முடிகிறதென்றால் கொஞ்சம் கூட்டலாம். மூன்று சொல்லுக்கு ஒருதரம் மூச்செடுக்க வேண்டி வந்தால் குறைக்க வேண்டும்.

இதைப் பழகிக்கொள்ள கோணேசர் கோவில் பாதையை விடச் சிறந்த இடம் இந்த ஊரில் இல்லை. பிரெட்றிக் கோட்டை வாசலால் உள்ளே போனதும் பாதை கிட்டத்தட்ட மட்டமாக இருக்கும், மரநிழலில் மான்கள் நிற்கும். அந்தத் துண்டில் சாவகாசமாக நடந்து உடம்பைச் சூடாக்குங்கள், ஐந்து நிமிடமாவது. ஏற்றம் தொடங்கும் இடத்தில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். மட்டத்தில் நடந்த அதே வேகத்தை ஏற்றத்திலும் பிடிக்கப் பார்ப்பார்கள். ஐம்பது அடி போகமுன் வாய் திறந்துவிடும். செய்யவேண்டியது, ஏற்றத்தில் கால் வைக்கும்போதே காலடி எட்டைப் பாதியாகக் குறைப்பது. குதிக்கால் முழுதாக நிலத்தில் படட்டும், உடம்பு இடுப்பிலிருந்து வளையாமல் லேசாக முன்னுக்குச் சாயட்டும். மூச்சை மூக்கால் எடுத்துக்கொண்டே போகப் பாருங்கள். மூக்கு போதாமல் வாய் திறக்கிற கணம்தான் உங்களுடைய எல்லை. அங்கே நிற்கத் தேவையில்லை, இன்னும் மெதுவாக்கினால் போதும். சட்டென்று நின்றால் காலில் இறங்கிய இரத்தம் அங்கேயே தேங்கி, பிரஷர் மாத்திரை குடிப்பவர்களுக்குத் தலை சுற்றும். மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கும்போது முழங்காலைச் சற்றே மடித்து, சின்ன எட்டாக வைத்து இறங்குங்கள். முழங்கால் நோவு பெரும்பாலும் ஏற்றத்தில் வருவதில்லை, விறைத்த காலோடு இறங்குவதில்தான் வருகிறது.

இந்த ஏற்றம் இன்னொரு வேலையும் செய்யும். முதல் நாள் எந்த இடத்தில் மூச்சு வாங்கியது என்பதை ஒரு மரத்தையோ விளக்குக் கம்பத்தையோ வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு நாலு நாள் நடந்தால் ஒரு மாதத்துக்குள் அந்த இடம் மேலே நகர்ந்துவிடும். ஒரு நாள் அந்த மரத்தைத் தாண்டிக் கதைத்துக்கொண்டே போய்விட்டதைப் பிறகுதான் கவனிப்பீர்கள். பத்து வருடம் கழித்து வரும் பலனைச் சொல்லி யாரையும் நடக்க வைக்க முடியாது. ஒரு மாதத்தில் நகர்ந்த மரம் நடக்க வைக்கும்.

இரண்டாவது அடையாளம் நாடி. விடிய கண் முழித்ததும், எழும்பி இருக்கமுன், படுத்தபடியே பாருங்கள். உள்ளங்கை மேலே பார்க்க, பெருவிரலின் அடியில் மணிக்கட்டு எலும்புக்குச் சற்று உள்ளே இருக்கும் பள்ளத்தில் மற்றக் கையின் இரண்டு விரல் நுனியை மெதுவாக வையுங்கள். பெருவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு இருப்பதால் எண்ணிக்கை குழம்பும். அழுத்தினாலும் நாடி மறைந்துபோகும். 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணைக் கலண்டரில் அன்றைய கட்டத்திலேயே பென்சிலால் எழுதி விடுங்கள். தொடங்கும்போது 80 இருந்தவருக்கு மூன்று மாதத்தில் நாலைந்து குறைவது சாதாரணம். ஒரு துடிப்புக்கு இதயம் கூடுதலாக இரத்தம் தள்ளப் பழகிவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். காய்ச்சல், நித்திரைக் குறைவு, முதல்நாள் இரவுக் கல்யாணச் சாப்பாடு எல்லாம் அதை ஏற்றும். அட்டெனோலோல், பிசோபிரோலோல் போன்ற மாத்திரை குடிப்பவர்களுக்கு நாடியை மாத்திரையே இறக்கி வைத்திருக்கும். அவர்களுக்கு நாடி அளவுகோல் ஆகாது, கதைத்துப் பார்ப்பதும் ஏற்றத்து மரமும்தான் ஆகும். எண்ணும்போது துடிப்பு ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு அடித்தால், அதை மட்டும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பிரஷரும் அடையாளம்தான், ஆனால் வீட்டில் பிழையாக அளந்து பயப்படுகிறவர்கள் அதிகம். நடந்துவிட்டு வந்த கையோடு அளக்கக் கூடாது. தேத்தண்ணி, சிகரெட்டுக்கு அரை மணித்தியாலம் கழித்து, கதிரையில் முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் நிலத்தில் பட, ஐந்து நிமிடம் கதைக்காமல் இருந்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில் வைத்து அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்து சராசரி எடுங்கள். வீட்டு அளவில் 135/85 என்பது கிளினிக்கில் 140/90க்குச் சமம். பிரஷர் உள்ளவர்கள் ஒழுங்காக நடந்தால் மேல் எண் 5 முதல் 8 வரை இறங்கும். இறங்கியது என்று மாத்திரையைத் தாங்களே நிறுத்துவதுதான் அடுத்த ஆபத்து. எண்களை எழுதிய கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், குறைப்பதா வேண்டாமா என்று அங்கே முடிவெடுக்கட்டும்.

நிறையை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்க வேண்டியிருக்கிறது. 70 கிலோ உடம்பு 3 கிலோமீற்றர் நடந்தால் ஏறத்தாழ 150 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் தேத்தண்ணிக் கடையில் ஒரு மீன் ரோல்ஸும் மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணியும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டு மாதம் நடந்தும் தராசு அசையாததால் விட்டவர்கள் ஏராளம். அவர்களுடைய இரத்தக்குழாய் அந்த இரண்டு மாதத்தில் இளகியிருக்கும், சீனியைத் தசை நன்றாக எடுக்கத் தொடங்கியிருக்கும். தராசுக்கு இதெல்லாம் தெரியாது.

அடுத்தது நேரமும் இடமும். 2002இல் பிரித்தானியாவில் மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். இதயநோய் பற்றியும் உடற்பயிற்சியின் நன்மை பற்றியும் வாசிக்கக் கொடுத்த குழுவில் 35 வீதமானவர்களே அடுத்த கிழமை பயிற்சி செய்தார்கள். அதை வாசிக்காத குழுவில் 38 வீதம். அதே வாசிப்போடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று எழுதியும் கொடுத்த குழுவில் 91 வீதம். நன்மையைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிற வீட்டுக்காரர்கள் இந்த மூன்று எண்களையும் ஒருதரம் பார்க்க வேண்டும். 'இனி நடக்கப் போறன்' என்பது யோசனை மட்டும். 'விடியத் தேத்தண்ணி குடிச்ச கோப்பையைக் கழுவி வைச்ச உடன சப்பாத்துப் போட்டுக்கொண்டு, பத்திரகாளி அம்மன் கோவிலடி வரைக்கும் போய் வாறது' என்பதுதான் திட்டம். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையின் வாலில் கட்டிவிட்டால் அந்த வேலையே நினைவூட்டும். பழக்கமாக ஊற எத்தனை நாள் என்று பார்த்த லண்டன் ஆய்வில் நடு எண் 66 நாள் வந்தது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை என்றும் கண்டார்கள். ஒரு நாள் விட்டதும் 'போச்சு' என்று கைகழுவுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற எண்ணும் பலரைத் தொடங்கவிடாமல் தடுக்கிறது. 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது அது. வயதான பெண்களைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண வீதம் ஐந்தில் இரண்டு பங்கு குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் பெரிதாக எதுவும் கூடவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது கிழமைக்கு 150 நிமிட மிதமான அசைவு. ஒரேயடியாக வேண்டியதில்லை, பத்துப் பத்து நிமிடமாக வந்தாலும் கணக்குத்தான்.

பெண்களுக்கு இது வேறு கதை. விடிய ஐந்தரை மணி, நடைக்கு உகந்த நேரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இடியப்பம் அவிந்துகொண்டிருக்கும், பிள்ளைக்கு உடுப்பு மினுக்க வேண்டியிருக்கும். இருட்டில் தனியாகப் போவதும் நாய்த் தொல்லையும் வேறு. ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விட்ட உடன், வீட்டுக்குத் திரும்பாமல் அங்கிருந்தே இருபது நிமிடம். வீட்டுக்குள் கால் வைத்தால் வேலை பிடித்துக்கொள்ளும். இன்னும் இரண்டு தாய்மார் சேர்ந்தால் வெட்கமும் போகும், கதையும் நடக்கும், வேகமும் தானாகவே கதைக்கக்கூடிய எல்லைக்குள் நிற்கும். கூட்டாளி இருப்பதன் வலிமை புத்திமதியில் இல்லை. வாசலில் ஒருவர் நிற்கிறார் என்பதுதான் அது. தன் உடம்பை ஏமாற்றுகிறவர்களும் காத்துக்கொண்டு நிற்கும் மனுசியை ஏமாற்ற மாட்டார்கள்.

கிண்ணியாவில் இருப்பவர்களுக்குப் பாலமே அளவுகோல். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். ஐந்து நிமிடத்தில் கடந்தால் சாதாரண நடை, நாலேகால் நிமிடத்தில் கடந்தால் துரித நடை. நாலுதரம் போய்வந்தால் மூன்று கிலோமீற்றருக்கு மேல். வாகனம் முகத்துக்கு நேரே வரும்படி வலது பக்க ஓரத்தால் போங்கள்.

உப்புவெளி, நிலாவெளிக் கரையில் நடப்பவர்கள் தண்ணீர் நனைத்த கெட்டி மணலில் நடக்க வேண்டும். இளக்கமான மணலில் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். புதிதாகத் தொடங்கினவருக்கு மூன்றாம் நாள் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். கரை ஒரு பக்கம் சரிவாக இருப்பதால் போன தூரம் அதே வழியில் திரும்பி வாருங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்க இடுப்பு நோகும். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு மணலில் நடக்கவே கூடாது. காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் சிப்பி வெட்டியது இரவில்தான் தெரியவரும். இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுப்பவர்கள் விடிய வெறும் வயிற்றில் நடக்கப் போகாமல் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மூன்று தேக்கரண்டி சீனியை ஒரு சின்னப் பையில் கட்டிப் பொக்கற்றில் வைத்திருங்கள். கை நடுங்கி, வேர்த்து, கண் இருண்டால் உடனே வாயில் போட.

இனி வாய்வு. இந்த ஊரில் எத்தனையோ உயிர் இந்த ஒரு சொல்லால் போயிருக்கிறது. நடக்கும்போது நெஞ்சின் நடுவில் இறுக்கம், பாரம், எரிவு, தொண்டை அல்லது தாடைக்கு ஏறுவது, இடது கைக்கு இறங்குவது, நின்றால் சில நிமிடத்தில் போய்விடுவது. இது வாய்வு இல்லை. வாய்வுக்கு நீங்கள் நடப்பதும் நிற்பதும் தெரியாது. ஏற்றத்தில் வந்து நின்றதும் போகிற நோவு, இதயத்துக்குப் போகும் குழாய் ஒடுங்கியிருக்கிறது என்று சொல்லும் நோவு. இஞ்சித் தேத்தண்ணியும் சோடாவும் குடித்து அதைக் கடத்தாமல், அன்றைக்கே டாக்டரிடம் போய், 'நடந்தா வருது, நிண்டா போகுது' என்ற அதே சொற்களைச் சொல்லுங்கள். நின்றும் போகவில்லை, குளிர்ந்து வேர்க்கிறது, மூச்சு முட்டுகிறது என்றால் அங்கேயே இருந்து 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. தானே மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது வேண்டவே வேண்டாம். சீனி வருத்தக்காரருக்கும் வயதான பெண்களுக்கும் நோவே இல்லாமல் இளைப்பும் வேர்வையும் மட்டும் வருவதுண்டு.

தொடங்கமுன் எல்லோரும் டாக்டரைப் பார்க்கத் தேவையில்லை. முப்பத்தைந்து தாண்டியவர்கள் அரச ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டரில் பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பிரஷர் 180/110க்கு மேல் நிற்பவர்கள் முதலில் அதை இறக்கிவிட்டுத் தொடங்க வேண்டும்.

ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும் நாட்களில் காலை எட்டு மணிக்கே வெக்கை முகத்தில் அறையும். ஆறரைக்கு முன் அல்லது பின்னேரம் ஐந்தரைக்குப் பின் நடந்து, போகமுன் ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். சலம் கூடப் போகிற மாத்திரை எடுப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஐப்பசியில் மாரி தொடங்கினால் தை வரை நடை அறுந்து அறுந்துதான் போகும். பெரும்பாலானோர் நிரந்தரமாக விடுவது இங்கேதான். மழைக்கான திட்டத்தையும் மழைக்கு முன்பே எழுதி வையுங்கள்: அதே நேரம், அதே சப்பாத்து, விறாந்தையில். நின்ற இடத்தில் முழங்கால் உயர்த்தி ஐந்து நிமிடம். கையூன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பி இருப்பது. வாசற்படி ஒன்றில், சுவரில் கை தொட்டபடி இரண்டு நிமிடம் ஏறி இறங்குவது. சுவரில் கையூன்றிப் பத்துத் தரம் தள்ளுவது. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யக் கூடாது, பிரஷர் சட்டென்று ஏறும். இதை இரண்டு சுற்றுச் செய்ய இருபது நிமிடம் போகும்.

மாரி விட்டதும் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கப் பார்க்காதீர்கள். மூன்று கிழமை இடைவெளி விழுந்திருந்தால் பாதி நேரத்தில் தொடங்கி, கிழமைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். ஏற்றத்து மரம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். மாசி முடியமுன் பழைய இடத்துக்கு வந்துவிடும்.